வளைவின் மேல் போட்ட பழி

வாழவந்தி,
பிப்ரவரி 9, திங்கள்.

அன்பு மகள் ஆஷ்லினுக்கு,

அப்பா பாக்கியநாதன் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் நலம். நீயும் கோயமுத்தூரில் நலமாக இருப்பாய் என்று எழுத வேண்டிய இடம் இது. இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை கண்ணு.

போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நம் வீட்டில் இருப்பதே ஒரு போன். நீ கூப்பிட்டால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பதில் போடுவதை எனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதனால் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் பேப்பர் வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் நான் ஓட்டுகிற ஜீப்பிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தது, அப்போது ஸ்டியரிங் இல்லை.

இங்கே காப்பிப் பழம் பறித்து முடிந்துவிட்டது. மிளகு பறிப்பு நடக்கிறது. ஏணி ஏற ஆள் கிடைக்காமல் எஸ்டேட் துரை தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு சசிகலாவின் மாடு கன்று போட்டது. சீம்பால் கொடுத்தனுப்பினாள். உனக்குப் பிடிக்குமே என்று உன் அம்மா அதை வாயில் வைக்காமல் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். கடைசியில் நான்தான் தின்றேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்த நாளை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். முகம் வெளுத்துப்போய், கழுத்தில் நரம்பு துடிப்பது எனக்கே தெரிந்தது. நான் என்ன செய்தேன்? சிரித்தேன். மலையிலே பொறந்தவளுக்கு வளைவுல தலை சுத்துதா, கோயமுத்தூர்த் தண்ணி குடிச்சுக் கீழ்நாட்டுக்காரி ஆயிட்டியா சாமி என்று டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கேட்டேன். நம் ஊர்க்காரர்களின் புத்தியே அதுதான். மலை ஏறி வந்து யார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் வளைவுதான் காரணம். காய்ச்சலோடு வந்தாலும் வளைவு, பட்டினியோடு வந்தாலும் வளைவு. ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மோந்து பாரு என்றால் வைத்தியம் முடிந்தது. உனக்கும் அதைத்தான் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் நீ கட்டிலில் படுத்துக்கொண்டு, நெஞ்சுக்குள்ள கோழி றெக்கை அடிக்கற மாதிரி இருக்குதும்மா என்றாய். உன் அம்மா கையிலிருந்த காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினாள். அது போதாதென்று, சசிகலா சொன்னாள் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஃபாதருக்குத் தெரிஞ்சா கோயிலுக்குள்ளயே விட மாட்டாரு என்று கேலி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது.

போன வாரம் உன் ரூம் பிள்ளை மோனிஷா கூப்பிட்டாள். அவளைத் திட்டாதே, நல்ல பிள்ளை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நீ ஹாஸ்டல் படியில் வேகமாக ஏறியதும், பாதியில் நினைவில்லாமல் சாய்ந்ததும் அவள் சொல்லித்தான் தெரியும். நல்லவேளை, உன் அம்மா அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். போனை வைத்துவிட்டு எனக்குள் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். ஹாஸ்டல் படிக்கட்டில் வளைவு எங்கிருந்து வந்தது?

மறுநாள் நீயே கூப்பிட்டாய். டாக்டரைப் பாத்துட்டேம்ப்பா, ரத்தம் கம்மியா இருக்காம், தைராய்டு சரியா இருக்காம், காலைல சாப்பிடாம வெறும் காப்பியா குடிக்காத, ஒழுங்காத் தூங்கு, கவலைப்படாதன்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்காரு என்றாய். எனக்கு மூச்சு வந்தது. அதோடு நீ விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே, உங்க குடும்பத்துல சின்ன வயசுலயே யாராவது திடீர்னு எறந்திருக்காங்களான்னுகூட கேட்டாருப்பா, அதெல்லாம் இல்லைன்னுட்டேன் என்றாய். ஸ்பீக்கரில்தான். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நான்தான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

இருக்கிறது கண்ணு. உன் மாமா சவரிராஜ்.

மாதா படத்துக்குப் பக்கத்தில் சுருட்டை முடியோடு சிரிக்கிறானே, அவன்தான். குப்பனூர் ரோட்டில் வளைவில் பைக்கோடு விழுந்துவிட்டான் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். அதற்கு மேல் அவன் பேச்சை எடுத்தால் உன் அம்மா எழுந்து போய்விடுவாள். சேலத்துக்குப் போக நமக்குக் குப்பனூர் வழிதான் பக்கம். அவளோ ஏற்காட்டைச் சுற்றித்தான் இறங்குவேன் என்று அடம்பிடிப்பாள். அதற்காக நீ அவளோடு எத்தனை சண்டை போட்டிருப்பாய்.

உன் அம்மாவை எனக்குப் பேசுவதற்கு முன்னாலிருந்தே அவன் எனக்குக் கூட்டாளி. கிரவுண்டில் பந்து ஆடிக்கொண்டே இருப்பான், திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவான். உள்ள கோழி றெக்கை அடிக்குதுடா மாப்ளே என்று சிரிப்பான். கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடி ஓடுவான். சாப்பிடாம ஆடினா அப்படித்தான் என்று நாங்களும் சிரிப்போம். அன்றைக்கு அவன் வீடு திரும்பவில்லை என்று தேடிப் போனவன் நான். வண்டி ரோட்டோரம் ஸ்டாண்டு போட்டு நின்றது. அதன் மேல் ஒரு கீறல் கிடையாது. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. பக்கத்துக் கட்டைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அப்போது உன் வயசு.

அந்த மாதம்தான் கோயிலில் எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாண ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், தடை சொல்கிறவர்கள் வந்து சொல்லலாம். இரண்டாவது ஓலை வாசித்த வாரத்தில் இவன் போய்விட்டான். நெஞ்சு வியாதிக் குடும்பம் என்று யாராவது வாயைத் திறந்தால் தன் இரண்டு பொம்பளைப் பிள்ளைகளும் கரையேற முடியாது என்று உன் தாத்தா பயந்தார். வளைவுல உழுந்துட்டான் என்றார். வளைவு என்றால் நம் ஊர் உடனே நம்பும். யாரும் வண்டியைப் போய்ப் பார்க்கவில்லை. நான் எல்லாம் தெரிந்துதான் உன் அம்மாவைக் கட்டினேன். இன்னொரு தடவை கேட்டாலும் அவளைத்தான் கட்டுவேன், அவள் வாய் இவ்வளவு நீளும் என்று தெரிந்தும்.

சனிக்கிழமை ஏற்காட்டில் மிளகு மூட்டையை இறக்கிவிட்டு ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று டோக்கன் வாங்கி, உள்ளே போய் உன் கதையையும் மாமன் கதையையும் சொன்னேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு இந்தப் படபடப்பும் தலைசுற்றலும் பெரும்பாலும் ரத்தம் குறைவதாலோ, சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், தூங்காமல் இருப்பதாலோ, மனசுக்குள் எதையாவது போட்டு உழப்பிக்கொள்வதாலோதான் வரும், அந்த டாக்டர் சொன்னதில் தப்பில்லை என்றார். ஆனாலும் படி ஏறும்போது நினைவு தப்பியதும், தாய்மாமன் அந்த வயசில் அப்படிப் போனதும் அவருக்குத் தெரிந்திருந்தால் அதோடு விட்டிருக்க மாட்டார் என்றார். இருதயம் துடிக்கிற முறையில் வருகிற கோளாறு சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். உனக்கு அது இருக்கிறது என்று அர்த்தம் இல்லையாம். இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதற்கு ஈசிஜி, எக்கோ, அப்புறம் ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரிகிற சின்னப் பெட்டி ஒன்று. தள்ளிப்போடாதீங்க என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னார். அப்படியே ஏதாவது இருந்தாலும் இப்போது வைத்தியம் இருக்கிறது சாமி. சவரிக்குத்தான் யாரும் பார்க்கவே இல்லை.

அதனால் இது கைக்கு வந்த அன்றைக்கே நீ அந்த டாக்டரிடம் திரும்பப் போ. இல்லை என்று சொன்னேனே, அது தப்பு, என் தாய்மாமன் அப்படித்தான் போனார், நான் விழுந்ததும் படி ஏறும்போதுதான் என்று சொல். அதுவரை ஸ்கூட்டி சாவியை மோனிஷாவிடம் கொடுத்துவிடு. படியில் ஓடாதே. மறுபடி மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் எவனையும் கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, பணத்துக்கு அப்பன் இருக்கிறேன். உன் அம்மாவிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லாதே. தம்பியை அவள் இன்னும் மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறாள். அதற்கு மேல் நீயும் என்றால் தாங்க மாட்டாள்.

இந்தத் தடவை காப்பித் தூள் கிடையாது. காப்பி எஸ்டேட்டில் பிறந்தவளுக்குக் காப்பி ஆகாது என்றால் இதை யாரிடம் போய்ச் சொல்ல? அதற்குப் பதில் முருங்கை இலைப் பொடி. இடித்தது உன் அம்மா. பார்சல் ஒட்டப்போவது நான், கடிதத்தை அதற்குள் வைத்துவிடுவேன், பயமில்லை.

உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போட்டு,
உன் சிரிப்புக்காகக் காத்திருக்கும்
அப்பா.



ஆஷ்லின் கண்ணு, அம்மா எழுதுகிறேன்.

பார்சலில் எலுமிச்சை ஊறுகாய் வைக்க உன் அப்பா மறந்துவிட்டார். வைக்கலாம் என்று பிரித்தேன். இந்த மனுஷன் ஒரு ரகசியத்தை முருங்கைப் பொடிக்குள் ஒளித்து வைத்த அழகைப் பார். படித்துவிட்டேன். ஜீப்பில் இருந்து அவர் இறங்கினதும் அவரை ஒரு பிடி பிடித்தேன். என் வாய் நீளமாம்.

வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது எனக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறார். அந்த வண்டியை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தபோது நான் வாசலில் நின்றேனே, ஒரு கீறல் இல்லாததைப் பார்க்காமல், எப்படி நின்றது என்று உருட்டி வந்தவர்களைக் கேட்காமல் இருப்பேனா? பைக்கை எப்போதும் சுவரில் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவருவான் என் தம்பி. ஸ்டாண்டு போடுடா, ஸ்டாண்டு போடுடா என்று தினமும் கத்துவேன். அன்றைக்கு மட்டும் போட்டிருக்கிறான். சாவியையும் எடுத்து வைத்திருக்கிறான். அவ்வளவு நேரம் அவனுக்கு இருந்திருக்கிறது. பக்கத்தில் ஒருத்தர் இருந்திருக்கலாமே என்று நினைத்து நினைத்துத்தான் அந்த ரோட்டுப் பக்கம் என் கால் போகவில்லை.

கோழி றெக்கை என்று நீ சொன்னபோது எனக்கு அவன் குரல்தான் கேட்டது. வாய்விட்டுச் சொன்னால் உனக்கும் அப்படியே ஆகிவிடுமோ என்று உப்பைச் சுற்றினேன். உப்பில் போகிற பயமா இது?

இதைப் பார்சலில் அனுப்பப்போவதில்லை. சும்மா உன்னைப் பார்க்க வருகிறோம் என்று மட்டும் போனில் சொல்லப்போகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். அதனால் உன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன், நீ படி. டாக்டரிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். சவரிராஜ் என் கூடப் பிறந்தவன், நெஞ்சு வியாதியில்தான் போனான் என்று நானே என் வாயால் சொல்கிறேன்.

நாளைக்கு முதல் பஸ் குப்பனூர் வழியாகத்தான் போகிறது. சுற்றிப் போக நேரம் இல்லை. நீ இதைப் படிக்கிறாய் என்றால் நான் அந்த வளைவைத் தாண்டி வந்துவிட்டேன்.

படித்து முடித்தாயிற்றா? வா, போகலாம். மெதுவாக எழுந்திரு சாமி.

அம்மா
தேவகுமாரி