வண்ணம் பூசிய தகடு

ஊரூர் குப்பம், பெசன்ட் நகர்
6.1.2025

சேசு மரி சூசை

பாசமுள்ள நைனாவுக்கு ஜெனிதா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். கொச்சி சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நீங்கள் வேலை செய்யும் சுந்தரராமன் சாரின் பாய்மரப் படகுக்குக் குளிர்ப்பெட்டி போடும் வேலை எங்கள் ஆழ்வார்பேட்டை ஆபீசுக்கே வந்தது. நீங்கள் என் அப்பா என்று இங்கே நான் சொல்லவில்லை. பெட்டியின் சூட்டை வெளியேற்ற மூன்று வழி உண்டு. மின்விசிறி வைத்தால் அறை வெந்துவிடும். பம்ப் வைத்துக் கடல்நீரை ஓட்டினால் நீங்கள் தூங்கும் இடத்தில் இரைந்துகொண்டே இருக்கும். அதனால் மூன்றாவதை எழுதிக் கொடுத்தேன். படகின் அடியில் ஒரு வெண்கலத் தகடு. சூட்டைக் கடலே வாங்கிக்கொள்ளும். படகில் இருப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் நானே எழுதினேன்.

உங்கள் மகள்
ஜெனிதா

கொச்சி
18.1.2025

அன்பு மகளுக்கு,

உன் குறிப்பை இரண்டு முறை படித்தேன். நேற்று தகட்டைப் பொருத்தினார்கள். இன்று படகுக்கு அடிப்பெயின்ட். கூட வேலை செய்யும் ஃபராஸ் தகட்டை விட்டுவிட்டு அடித்தான். "இன்னாடா, தண்ணியில எறங்கற பொருளை மொட்டையா வுடுவாங்களா?" என்று பிரஷ்ஷை வாங்கி நானே இரண்டு பூச்சு கொடுத்தேன். நம் குப்பத்தில் ஒரு பலகை மாற்றினாலும் பூசாமல் இறக்குவோமா? நாளை மறுநாள் விருந்தாளிகளோடு லட்சத்தீவு கிளம்புகிறோம்.

அப்பா
வேதநாயகம்

கொச்சி
2.2.2025

அன்பு மகளுக்கு,

இரண்டாம் நாளே பெட்டி குளிரவில்லை. மீன், கறி, பால் எல்லாம் கெட்டது. ஒரு விருந்தாளிக்கு வாந்தி. பாதி வழியில் திரும்பினோம். முதலாளி எழுதிய புகாருக்கு உன் ஆபீஸ் அனுப்பிய பதில் கடிதத்தை அவர் சத்தமாகப் படித்தார். எழுதப் படிக்கத் தெரியாத பணியாளர் குறிப்பை மீறித் தகட்டுக்குப் பெயின்ட் அடித்தாராம். என்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். ஃபராஸ் அறையில் இருக்கிறேன். நான் உன் அப்பன் என்று ஆபீசில் காட்டிக்கொள்ளாதே. உன் வேலைக்கு எதுவும் வரக் கூடாது.

அப்பா

பெசன்ட் நகர்
6.2.2025

நைனா,

போனில் சொல்ல வாய் வரவில்லை. தகட்டுக்குப் பெயின்ட் அடித்தால் சூடு வெளியே போகாது. பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில் அந்த வரி இருந்தது. தமிழ்க் குறிப்பில் நான் விட்டுவிட்டேன். அடியில் இருப்பது யார் கைக்கு எட்டும் என்று நினைத்தேன். குப்பத்தில் பிறந்த நான் அப்படி நினைத்தேன்.

உங்கள் ஜனவரிக் கடிதம் வந்தபோதே புரிந்துவிட்டது. அதற்குள் நீங்கள் கடலில். பிறகு மேனேஜர் கதிரேசன் சார் சொல்லச் சொல்ல அந்தக் கடிதத்தை டைப் அடித்ததும் நான்தான். வாயே திறக்கவில்லை.

இன்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "இத்தனை நாள் ஏம்மா சொல்லல?" என்றார். தவறு என்னுடையது என்று சுந்தரராமன் சாருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். என் வேலை இருக்குமா என்று திங்களன்று தெரியும்.

பரவாயில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஜெனிதா

கொச்சி
11.2.2025

மகளுக்கு,

முதலாளி திரும்ப வரச் சொன்னார். போகிறேன்.

ஒரு வரி விட்டுப்போனது எனக்குப் பெரிதில்லை. பதினோரு வருஷம் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசித்தவன் நான். முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவள் நீ. எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று டைப் அடிக்கும்போது உன் கை நிற்கவில்லையா?

நீ கேட்டபடி அந்த வார்த்தையை நான் எழுதவில்லை. நீ பதில் எழுது. படிப்பேன்.

வேதநாயகம்