காத்திருக்கும் குழு

பிப்ரவரி 3
இன்றும் ஒருவரும் சேரவில்லை. எங்கள் குடியிருப்பில் மாடி மாடியாக ஏறி இறங்கியதுதான் மிச்சம். சர்க்கரை நோயாளிகள் தங்கள் நோயைத் தாங்களே கட்டுக்குள் வைத்துக்கொள்ள வகுப்பு எடுத்து, பலன் இருக்கிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. இந்த ஊரில் எங்கள் பாஷைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான்; எங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் எங்கள் ஆளான என்னை இந்த வேலைக்கு வைத்தார்கள். எங்கள் ஆட்களோ என் அடையாள அட்டையைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார்கள்.

மூன்றாம் மாடி டிரைவர் மட்டும் பேசினார். "போன தடவையும் வந்து ரத்தம் எடுத்தாங்க. என்ன ஆச்சுன்னு ஒருத்தராவது வந்து சொன்னாங்களா? நீயும் அவங்க ஆளாயிட்டியாம்மா?"

பிப்ரவரி 4
அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். அப்போதும் யாரும் திறக்கவில்லை.

பிப்ரவரி 11
தையல்காரக்கா சேர்ந்துவிட்டார்! என் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்தவர். "நீ கூப்பிடுற, வர்றேன். ஆனா ஒழுங்கா சொல்லித் தரணும். டாக்டர் அவங்க பாஷையில கடகடன்னு பேசுறாரு, நான் மண்டைய ஆட்டிட்டு வந்துடுறேன்" என்றார். குலுக்கல் உண்டு, வகுப்பு தள்ளிப்போகலாம் என்றும் சொன்னேன். நானும் அதைக் கடகடவென்று சொல்லிவிட்டேனோ?

பிப்ரவரி 20
கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் அக்கா காத்திருக்கும் குழு. பாதிப் பேருக்கு இப்போதே வகுப்பு. மீதிப் பேருக்கு அரை வருஷம் கழித்து. அதுவரை பாடத்தில் உள்ளதை அவர்களிடம் சொல்லக்கூடாது. மாற்றிப் போட முடியுமா என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மாத்தினா ரெண்டு குழுவை எப்படிம்மா ஒப்பிட முடியும்?" என்றார். அவர் சொல்வது சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் 9
"எப்போடி வகுப்பு?" என்று அக்கா கேட்டார். இன்னும் கொஞ்ச நாள்க்கா என்றேன். பாதத்தில் ஊசி ஏறிவிட்டதாம். "வலியே இல்ல. நல்லதுதானே?" என்று சிரித்தார். ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றேன். கையில் இருக்கும் துணியை முடித்துவிட்டுப் போவதாகச் சொன்னார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. பாதத்தைப் பற்றியதுதான் இரண்டாம் பாடம்.

ஏப்ரல் 27
ஊசி ஏறிய இடம் அழுகி, அக்காவின் காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே.

ஐயோ அக்கா... வலிக்கலைன்னாதான் பயப்படணும்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. என் வாய்ல வரலையே. கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்க வேணாமா நான்?

ஏப்ரல் 30
டாக்டரம்மாவிடம் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அந்த மாதிரி நேரத்துலயும் சொல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லலியேம்மா" என்றார்.

சொல்லவில்லைதான்.

மே 6
ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். "மிஷினை மிதிக்கணுமே" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமலே உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மே 19
வேலையை விடுவதென்று முடிவு செய்து, குடியிருப்புக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். மாடிப்படி முழுக்கப் பெண்கள். அக்காவுக்கு ஆனதைக் கேள்விப்பட்டு, எங்கள் பேரையும் எழுதிக்கொள் என்கிறார்கள். டிரைவரின் மனைவி, நான் வாய் திறப்பதற்குள் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் படியின் மேல் வைத்தார். "பாரும்மா, எனக்கும் இங்க வலி தெரியல."

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். நானே கூடப் போனேன்.

மே 26
ஆராய்ச்சியின் தலைமை அலுவலகத்திலிருந்து போன். "உங்க பகுதியில மட்டும்தான் ஆள் நிரம்பியிருக்கு. பிரமாதம்! எந்த வழியில அவங்க நம்பிக்கையைச் சம்பாதிச்சீங்க? மத்த ஊர்லயும் செஞ்சு பாக்கலாம்."

போனை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் கேட்டுவிட்டு, மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.