கறவை நேரத்தில் பறிபோன ஊற்று

ப்ராம்லி, வெர்மான்ட்
மார்ச் மூன்றாம் ஞாயிறு

அன்பு மகள் கோராவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மாடுகள் எல்லோரும் உடம்பளவில் சுகம். நீயும் கலிஃபோர்னியா வெயிலில் சுகமாகத்தான் இருப்பாய். மனசு சுகமா என்று மட்டும் இந்த முறை கேட்காதே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ ஒரு கையால் கணினியைத் தட்டிக்கொண்டே ம் ம் என்பாய், நான் கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். அதோடு போனில் பேசுவது யார் யார் காதுக்குப் போகிறதோ யாருக்குத் தெரியும். இதைச் சொன்னால் அப்பா சிரிக்கிறார், உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்டி என்கிறார். சிரிக்கட்டும், ஊர் சிரித்த அழகை இந்த மாதம்தான் பார்த்தோமே.

அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் மேப்பிள் பாகு காய்ச்சி முடியட்டும் என்கிறார். மரங்கள் இந்த வருடம் நன்றாகச் சுரக்கின்றன. பனி உருகி நம் மேட்டுப் பாதை முழுக்கச் சேறு, தபால் வண்டி சிக்கி மெரில் மாமாவின் டிராக்டர்தான் இழுத்துவிட்டது. நம் வாசலில்தான் இழுத்தான், கூடப் பிறந்த அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். நீ படித்த பள்ளிக்கூடத்தை அடுத்த வருடம் மூடுகிறார்களாம், பிள்ளைகளும் இல்லை, பணமும் இல்லை. ஏரிக்கரையில் அந்தத் தண்ணீர்க் கம்பெனி முதலாளியின் மாளிகை இருக்கிறதே, வருடத்தில் இரண்டு வாரம் மட்டும் விளக்கு எரியும், அது பள்ளிக்கூடத்தைவிடப் பெரிது. அதற்கு இப்போது புதிதாக ஒரு படகுத்துறை கட்டுகிறார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு அவர் ஒரு வண்டி வாங்கிக் கொடுத்தபோதே நான் சொன்னேன், சும்மா வருகிற மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காதவர்கள் பிறகு அழுவார்கள் என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஊர்க்காட்டில் உள்ள ஊற்றை அந்தக் கம்பெனி ஐம்பது வருடக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. நம் தொழுவத்துக்கும், மெரில் தொழுவத்துக்கும், அதற்குக் கீழே இருக்கிற எல்லாப் பண்ணைக்கும் அந்த ஊற்றுத் தண்ணீர்தான். அதைப் புட்டியில் அடைத்து விற்றால் நம் பாலைவிட விலை அதிகம், இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது. மார்ச் முதல் செவ்வாய் ஊர்க்கூட்டத்தில் இதை ஓட்டுக்கு விடுவதாக இருந்தது. நீ போய்ப் பல வருடம் ஆனாலும் முறை மாறவில்லை, மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் ஓட்டு, வீட்டில் இருந்தால் இல்லை. நானும் மெரிலும் எதிரெதிர்க் கட்சி என்பதும் தேர்தல் வந்தால் பேச்சு நின்றுபோகும் என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை அவனே நம் அடுப்படிக்கு வந்து, கட்சி கெடக்கட்டும்கா, தண்ணி விஷயத்துல நீயும் நானும் ஒரே பக்கம் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கட்சி விவசாயிகளும் சேர்ந்தால் குத்தகை தோற்பது நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கம்பெனிக்கும் தெரிந்திருக்கும் அல்லவா.

மதியம் வழக்கம்போல ஆளாளுக்குக் கொண்டுவந்த சாப்பாடு, பன்றி இறைச்சி, சுட்ட பீன்ஸ், நான் ஆப்பிள் அடைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுபோயிருந்தேன். சாப்பிட்டு உட்கார்ந்ததும் ஸ்பென்சர் என்று ஒரு பையன் எழுந்தான். போன இலையுதிர் காலத்தில் இங்கே வாடகைக்கு வந்தவன், வாய் நிறைய அக்கறை. பள்ளிக்கூடக் கம்பத்தில் தேசக்கொடிக்குக் கீழே இன்னொரு கொடி ஏற்றலாமா என்று ஒரு தீர்மானம் பட்டியலின் கடைசியில் இருந்தது. அதை முன்னால் எடுக்கச் சொன்னான். சின்ன விஷயம்தாங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு நிம்மதியா தண்ணி விஷயம் பேசலாம் என்றான். சரி என்று விட்டோம். அடுத்த வருடம் மூடப்போகிற பள்ளிக்கூடத்தின் கம்பம், அதில் எந்தக் கொடி பறந்தால் எந்தப் பசு ஒரு படி பால் கூடக் கறக்கும் சொல். ஆனால் அவன் பேசி முடித்ததும் ஆப்ரி என்ற இன்னொரு புதுக் குடித்தனக்காரி எதிர்த்துப் பேச எழுந்தாள், மண்டபம் தீப்பிடித்துக்கொண்டது. அவள் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சில வீட்டுல செத்துப்போன பட்டாளத்துக்காரரோட கொடிய அலமாரிக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்க, கூடப் பிறந்தவன் கண்ணுலகூடக் காட்டாம, அவங்கல்லாம் இங்க வந்து கொடியப் பத்தி ஓட்டுப் போட உக்காந்திருக்காங்க என்றாள்.

மெரில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பட்டாளத்தில் இருந்த உன் தாத்தாவை அடக்கம் செய்த அன்று பட்டாளத்துக்காரர்கள் சவப்பெட்டியின் மேலிருந்த கொடியை முக்கோணமாக மடித்து, மூத்தவள் என்று என் கையில் கொடுத்தார்கள். தாத்தாவைக் கடைசிவரை தூக்கி எடுத்துப் பார்த்துக்கொண்டவன் மெரில். கொடி அவன் கைக்கு வரவில்லை, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, அப்பாவோட கொடிய எடுத்து வெச்சுக்கிட்டது போதாதுன்னு அத ஊரெல்லாம் சொல்லி வேற திரியிறியா என்று கத்தினான். பட்டாளத்தான் குடுத்தான், நான் ஒண்ணும் பிடுங்கலடா என்று நானும் கத்தினேன். அவன் கட்சிக்காரர்கள் அவன் பக்கம், என் கட்சிக்காரர்கள் என் பக்கம், அப்புறம் யார் யாரை எப்படி ஏசினார்கள் என்று எழுத என் பேனா கூசும். பேசி முடியவில்லை, கறவை நேரம் வந்துவிட்டது. மடி காத்திருக்காது என்று இரண்டு பக்கத்து விவசாயிகளும் பூட்ஸைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டோம். வெளியே வந்தும் வண்டிகளுக்கு நடுவில் கொடிச் சண்டைதான். தண்ணீரைப் பற்றி ஒருத்தருக்கும் நினைவில்லை, இதைவிட முட்டாள்தனம் உண்டா. நான் பால் குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது நூலகத்து எட்னா சேற்றில் ஓடி வந்து சொன்னாள். நாங்கள் கிளம்பியதும் ஸ்பென்சர் கொடித் தீர்மானத்தை அவனே திரும்பப் பெற்றுக்கொண்டானாம். அடுத்து குத்தகை. மிச்சம் இருந்த, பண்ணை இல்லாதவர்கள் கை தூக்கினார்கள், நிறைவேறிவிட்டது. சட்டப்படி சரிதானாம்.

அடுத்த சனிக்கிழமை பெட்ரோல் பங்கில் பார்த்தேன். ஜென்ம விரோதிகள் மாதிரிக் கத்திக்கொண்ட ஸ்பென்சரும் ஆப்ரியும் ஒரே காரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து டோனட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள். பின்சீட்டு முழுக்கப் பெட்டிகள். இரண்டு வாடகை வீடுகளும் அன்றே காலி. அப்பா அது தற்செயல் என்றார். அன்றைக்கு அவர்கூடச் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை கோரா. கறவை நேரம் எது என்று இந்த மாநிலத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அலமாரிக்குள் இருக்கிற கொடி? அது எங்கள் வீட்டுப் பேச்சு. எனக்கும் அப்பாவுக்கும் மெரிலுக்கும் உனக்கும் தெரியும், வேறு ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா வாய் திறக்கமாட்டார், மெரில் செத்தாலும் சொல்லமாட்டான், நான் சொல்லவில்லை. நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால், பெரிய கம்பெனிகளுக்கு ஊர் ஜனங்களின் மனசைப் படித்துச் சொல்கிற வேலை என்பாய். யாரோ சோப்பு விற்கக் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன், தண்ணீர்க் கம்பெனியும் கேட்கும் என்று தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, இன்னும் கறக்குற நேரத்துக்கு எல்லாரும் எழுந்து போயிடுறாங்களாம்மா, மெரில் மாமா இன்னும் உன்மேல கோவமாத்தான் இருக்காரா என்று பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாய். மகளுக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். இப்போது அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பெற்றவள் இப்படி நினைக்கலாமா என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. தெரிந்து செய்தாயோ, சாப்பாட்டு மேசையில் யாரிடமோ வேடிக்கையாகச் சொல்லப்போய் அவர்கள் குறித்துக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது.

ஒரு மாதத்துக்குள் போதுமான பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த ஓட்டை மறுபடி எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. என் பக்கத்து ஆட்கள் போட்டுவிட்டார்கள், அது போதாது. மெரில் பக்கத்து ஆட்கள் அவன் போடாமல் போடமாட்டார்கள். அவனோ, அவ பேரு இருக்குற காகிதத்துல என் பேரு வராது, ஊரு முன்னால என்னை அம்மணமாக்கினவ அவ என்று எட்னாவிடம் சொல்லி அனுப்பிவிட்டான். நான் சொல்லவில்லை என்று சொல்வதால் பயனில்லை, பிறகு யார் சொன்னது என்று கேட்பான். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை, அல்லது இருக்கிறது, வாயில் வரவில்லை.

அதனால் கேட்கிறேன். நீதான் என்றால் ஆமாம் என்று எழுது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே மெரில் வாசலுக்குப் போய், என் மகள்தாண்டா, உன் மருமகள்தான் என்று சொல்வேன். உன் பெயர் இந்த ஊரில் கெடும், உன் வேலையும் போகலாம், தெரிந்துதான் கேட்கிறேன். நீ இல்லை என்றால் கோபத்தோடு எழுது, பெற்ற பெண்ணையே சந்தேகப்பட்ட பாவி என்று வாய்க்கு வந்தபடி திட்டு, அப்படித் திட்டு வாங்க நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உன் ஆபீஸில் எழுதுவது மாதிரி நயமாக, பிடி கொடுக்காமல், இரண்டு பக்கமும் சாயாமல் மட்டும் எழுதிவிடாதே. அப்படி ஒரு கடிதம் வந்தால் எனக்கு விடை தெரிந்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடு, மூச்சுத்திணறல் மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் கடவுள் துணை இருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், இதை மனசாரத்தான் எழுதுகிறேன். கையெழுத்து கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் முதல் வியாழன், நாளைக் கடத்தாதே. ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். உன் அறை எப்போதும் உன்னுடையதுதான், ஆனால் பதிலை அனுப்பாமல் நீ மட்டும் வராதே.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
மார்லீன்