நீ எண்ணாமல் விட்ட நான்கு

ரிச்மண்ட் நிலையத்தைத் தாண்டும்போது சில காலைகளில் ரயிலுக்குள் அந்த வாசனை வந்துவிடுகிறது. எங்கோ ஒரு பியர் ஆலையில் பார்லியை வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். கஞ்சியும் சுட்ட பிஸ்கட்டும் கலந்தது போன்ற மணம். பக்கத்தில் இருப்பவர்கள் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி மூச்சை இழுத்துக்கொள்கிறார்கள். நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். இன்று ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி வேலைக்கு நடந்து போனேன். வழி நெடுக உன்னோடு பேசிக்கொண்டு போனேன். பேசி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பொயிண்ட் குக் புறநகரில் நீ எங்கள் பின்வீட்டுக்குக் குடிவந்தபோது நமக்கு நாற்பது தாண்டியிருந்தது. நீ கோயம்புத்தூர்க்காரி, குடிநீர்க் குழாய்களும் பம்புகளும் பார்க்கும் பொறியாளர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். உன் கணவர் முரளிக்குப் பிறந்தநாள் பரிசாக யாரோ வீட்டிலேயே பியர் காய்ச்சும் பெட்டி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைத் தொடவேயில்லை. அதிலிருந்த குழாய் எப்படி மூடித் திறக்கிறது என்று பார்க்கத்தான் நீ பெட்டியைப் பிரித்தாய். ஆறு மாதத்தில் உன் கராஜில் மூன்று பெரிய பானைகள், ஒரு தராசு, பார்லி உடைக்கும் இயந்திரம் எல்லாம் வந்துவிட்டன. சனிக்கிழமை காலைகள் நம்முடையவை ஆயின. கேரம் டவுன்ஸ் கோயிலில் யாராவது கேட்டால் தோட்ட வேலை என்று சொல்வோம். அது பொய்யென்று முரளி ஒருவருக்குத்தான் தெரியும்.

குடிப்பதில் உனக்குப் பெரிய ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. உன் ஆசை எல்லாம் கணக்கில். முளைகட்டி உலர்த்திய பார்லிக்குள் இவ்வளவு சர்க்கரை இருக்கிறது. அதில் எவ்வளவு நம் பானைக்கு வந்து சேரும்? அதுதான் உன் கேள்வி. ஐந்து கிலோ பார்லி, கடைசியில் இருபத்து மூன்று லிட்டர் சாறு. நம் பானைகளில் எப்போதும் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு வந்தது. அப்படியென்றால் சாற்றின் அடர்த்தியை அளக்கும் மிதவைக்கோல் நாற்பத்தேழைக் காட்ட வேண்டும். அதை ஒரு துண்டு ஒட்டுநாடாவில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாய். "அளக்குறதுக்கு முன்னாடி சொல்லணும்டி. அளந்த பிறகு யார் வேணா சொல்லலாம்" என்பாய். கண்ணாடிக் குழாயில் சாற்றை ஊற்றி, அது ஆறும் வரை காத்திருந்து, மிதவைக்கோலை இறக்குவோம். நாற்பத்தேழு. சில நாள் நாற்பத்தாறு. நீ இரண்டு கையையும் தட்டுவாய்.

இரண்டு வருடம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு குளிர்கால சனிக்கிழமையில் கோல் முப்பத்தெட்டில் நின்றது.

"மில்லு சரியா உடைக்கல" என்றாய். உருளைகளின் இடைவெளியைச் சரிசெய்தோம். அடுத்த முறை நாற்பத்தாறு வந்தது. அதற்கடுத்த முறை மறுபடியும் முப்பத்தெட்டு. நூற்றுக்கு எழுபத்திரண்டு ஐம்பத்தெட்டாகிவிட்டது என்று நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாய். அந்தக் கோடுகள் வளைந்திருந்தன. அதை நான் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

கருவி தவறாக இருக்கலாம் என்பதுதான் என் தொழிலில் முதல் சந்தேகம். அந்த வாரம் மிதவைக்கோலைக் காய்ச்சி வடித்த நீரில் இறக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. வெப்பமானியைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்தேன். சரியாக இருந்தது. தராசில் எடைக்கல் வைத்தேன். அதுவும் சரி. கருவிகளில் பிழை இல்லையென்றால் பார்ப்பதற்கு மிச்சம் இருந்தது நாமிருவர்தான்.

அடுத்த சனிக்கிழமை நான் குழாய் கழுவுகிற சாட்டில் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிலோ, ஒரு கிலோவாக ஜக்கில் நிறுத்து இயந்திரத்தில் கொட்டினாய். வாய்விட்டு எண்ணினாய்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. அஞ்சு."

ஜக்கைக் கவிழ்த்துத் தட்டி ஓரமாக வைத்தாய். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான்கு என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாததுபோல் என்னைப் பார்த்துச் சிரித்து, "தண்ணி எத்தனை டிகிரில இருக்குன்னு பாரு" என்றாய். நீ கரண்டி எடுக்க வீட்டுக்குள் போனாய்.

அந்த நிமிடத்தில் நான் செய்தது இதுதான். சாக்கிலிருந்து ஒரு கிலோ நிறுத்து, இயந்திரத்தில் கொட்டி, கைப்பிடியை வேகமாகச் சுற்றினேன். நீ திரும்பி வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். மதியம் கோல் நாற்பத்தேழில் நின்றது. "பார்த்தியா! நான் சொன்னேன்ல!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாய். உன் தோளுக்கு மேலே சுவரிலிருந்த எண்ணைப் பார்த்தபடி நின்றேன். அதை உண்மையாக்கியது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று பயந்தேன்.

மூன்று முறை அப்படிச் செய்தேன். நடுவில் வந்த வாரங்களில் எனக்கு நானே நூறு காரணம் சொல்லிக்கொண்டேன். வேலைக் களைப்பு. உன் மகள் சிட்னிக்குப் படிக்கப் போன கவலை. நம் வயசு. ஆனால் உன் கார் வீட்டு வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்கும் வரை என்னால் ஒரு மாலையும் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

நான்காவது முறை எரிவாயு. கராஜ் கதவு பாதிதான் திறந்திருந்தது. நீ அடுப்பின் திருகைத் திறந்துவிட்டு, உன் அலுவலகத்துக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாய். பானைக்கடியில் நெருப்பில்லை. சீறல் மட்டும் கேட்டது. பிறகு மணந்தது.

"காஸ்! காஸை நிப்பாட்டு!"

"ஏன் கத்துற? இப்பதான பத்த வச்சேன்" என்று சொல்லி, கையிலிருந்த லைட்டரை எனக்குக் காட்ட உயர்த்தினாய். உன் கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது. நான் பாய்ந்து உன் மணிக்கட்டைப் பிடித்தேன். நீ வலியில் கத்தினாய். திருகை மூடி, கதவை முழுக்கத் தூக்கிவிட்டு, உன்னைப் புல்வெளிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே, ஈரப் புல்லில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

நீ மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "எத்தன தடவ?" என்றாய்.

"மூண்டு தரம்."

"நீயே கொட்டினியா?"

"ஓம். எனக்குப் பயமா இருந்தது."

"என் நோட்டுல பொய்ய எழுத வச்சுட்டியேடி." உன் குரல் உடைந்தது அந்த ஒரு வரியில்தான். எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்து, அந்த மூன்று நாட்களைக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் 'நாலு கிலோ' என்று எழுதினாய். எழுதி முடித்துப் பேனாவை மூடத் தெரியாமல் மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாய். முரளியை நான்தான் கூப்பிட்டேன்.

தலையின் இடது பக்கத்தில் கட்டி. அறுவை, கதிர், மாத்திரை. ஸ்கானுக்குப் போன ஒரு காலை, காத்திருக்கும் அறையில் உன்னைத் தேற்றுவதாக நினைத்து, "குறைஞ்சிருக்கும், பாரேன்" என்று தொடங்கினேன். நீ என் வாயைப் பொத்தினாய். "இதுக்கு மட்டும் முன்னாடி சொல்லாத" என்றாய். உன் உள்ளங்கை வியர்த்திருந்தது. நீ பயந்ததை நான் பார்த்தது அன்றுதான். அதற்கு முன்பும் பயந்திருப்பாய்; எனக்குக் காட்டவில்லை.

கட்டி தெரிந்த பிறகு பதினோரு மாதம்தான் நீ உயிரோடு இருந்தாய்.

நீ இருக்கும்போதே உன் மருத்துவரைத் தனியாகப் பிடித்து, மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் என்று கேட்டேன். இந்த வகைக் கட்டியில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். நல்ல மனிதர், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதை அளந்து பார்க்க ஒரு வழியும் இல்லை. அந்த மூன்று சனிக்கிழமைகளை மறுபடி வேறுவிதமாக நடத்திப் பார்க்க முடியாது. உன்னிடம் அதைச் சொன்னபோது, "லூசு, அந்த மூணு பியரும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாய். பேச்சு குழறத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. அந்த வாக்கியத்தை மட்டும் தெளிவாகச் சொன்னாய். அதற்காகவே சேர்த்து வைத்துச் சொன்னாயோ என்று நினைப்பதுண்டு.

பயம் போகவில்லை. வீட்டில் மாவு அளக்கும்போதும் ஆய்வுக்கூடத்தில் குழாய்களை அடுக்கும்போதும் வாய்க்குள் எண்ணுகிறேன். ஒரு எண்ணில் தடங்கினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சென்ற மாதம் சிட்னிக்குப் போயிருந்தேன். அங்கே இருக்கும் என் அக்காவும் நானும் ஹரிஸ் பார்க்கில் ஒரு கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா தன் பேரனின் பள்ளிக்கூட நாடகத்தைப் பற்றி ரசித்துச் சொன்னா. தேநீர் வந்தது. அக்கா கோப்பையைக் கையில் எடுத்து, "உனக்கு ஒண்டு சொல்ல மறந்துபோனன்" என்று அதே நாடகத்தை முதலிலிருந்து தொடங்கினா.

கேட்டுச் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். முகம் தயாராகிவிட்டது, சிரிப்பதற்கு. உன் கராஜில் பழகிய அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, இதை இப்பதானே சொன்னனீங்கள்."

அக்கா சிரித்தா. பிறகு நிறுத்தினா. "எப்ப?"

"தோசை சாப்பிடேக்க."

அக்கா மேசையைப் பார்த்தா. அவவின் மகளுக்கு அந்தக் கடையிலிருந்தே போன் செய்து, மருத்துவரிடம் நாள் குறிக்கச் சொன்னேன். வயதின் மறதியாகவே இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் துடித்துப்போகிறேன்.

ஆனால் சொல்லிவிட்டேன். அக்காவின் தேநீர் ஆறுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.