மாப்பிள்ளை யாரோடு பறந்தார்?

ஆவணி, வெள்ளிக்கிழமை

இன்று என் வாயை நினைத்து எனக்கே பெருமை. காந்திபுரத்தில் எங்கள் டிராவல்ஸுக்கு ஒரு பெரியவர் வந்தார். அவருடைய தம்பி மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை எங்களிடம்தான் டிக்கெட் போடுவார். அந்த மாப்பிள்ளை சிங்கப்பூருக்கு யாரோடு போனார் என்று பெரியவர் கேட்டார். பெண் கொடுக்குமுன் மளிகைக்கடை வரை விசாரிக்கிற ஊர் இது.

"சொல்லக்கூடாதுங்க" என்றேன்.

"டிக்கெட் போட்டா அந்நிய நாட்டுக்காரனுக்குப் போறவங்க பேரு, பாஸ்போர்ட்டெல்லாம் அனுப்பறீங்க. எனக்குச் சொன்னா என்ன அம்மணி?"

"அவங்களுக்கு அனுப்பறதுக்குச் சட்டம் இருக்குதுங்க. உங்களுக்குச் சொல்றதுக்கு இல்லீங்க."

முதலாளி என்னை முறைத்தார். பெரியவர் கோபமாக எழுந்து கதவு வரை போனார். பிறகு திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப என்ற ஊட்டுக்காரி வந்து கேட்டாலும், நான் இங்க டிக்கெட் போட்டு பாங்காக் போனதைச் சொல்லமாட்டீங்கல்ல?"

"பாங்காக்குங்களா? நீங்க எப்பங்க போனீங்க?" என்றேன்.