எங்கள் சந்துக்கு வராத கேரல்

தாராவி,
டிசம்பர் 16, திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மகள் எப்சிபாவுக்கு,

‘ஸ்தோத்திரம்’ என்று எழுதித்தான் நான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். இந்தத் தடவை கை வரவில்லை. அந்த வார்த்தையை எழுதப்போனாலே சபை ஒலிபெருக்கியில் கிருபாவதி கத்தினது காதில் விழுகிறது. அதனால் அம்மாவின் முத்தத்தோடு தொடங்குகிறேன். நான் சுகம். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை போடுகிறேன். அதற்காக நீ மனசைப் போட்டு உளப்பிக்கொள்ள வேண்டாம்.

நீ போன் நம்பரை மாற்றினது நல்லதுதான். கண்ட நாய்களெல்லாம் கூப்பிட்டால் பிள்ளை என்ன செய்யும்? ஆனால் புது நம்பரை எனக்கும் தரவில்லையே என்று முதலில் வயிறு எரிந்தது. அப்புறம் யோசித்தேன். அன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே பாஸ்டர் ஐயா என் கையிலிருந்து போனை வாங்கி உனக்கு அரைமணி நேரம் புத்தி சொன்னாரே, அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைதான் நம்பர் கொடுக்கும்! இந்த அட்ரஸ்கூட மாரிசெல்விதான் பக்கத்து வீட்டு சைனபிடம் சொல்லி அனுப்பினாள். உனக்குத் தெரியாமல் கொடுத்திருந்தால் அவளைத் திட்டாதே.

ஐரோலியில் வீடு எப்படி? தண்ணீர் நேரத்துக்கு வருகிறதா? ஆபீசில் யாராவது அந்த வீடியோவைப் பற்றிக் கேட்கிறார்களா? இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வாருங்கள். ரயிலில் லேடீஸ் டப்பாவிலேயே ஏறுங்கள்.

இங்கே அந்த வீடியோ இன்னும் சாகவில்லை. பிப்ரவரியில் டவுனில் நடந்த வானவில் கொடி ஊர்வலத்தில் நீயும் மாரிசெல்வியும் கை கோர்த்து நடந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதை வைத்துக்கொண்டு பேச்சிராஜாவும் அவன் கூட்டாளிகளும் வருஷம் பூராவும் பிழைக்கிறார்கள். சந்து முனையில் கேரம் போர்டு போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வேறு வேலை என்ன? நான் தையல் கார்கானாவிலிருந்து தைக்கவேண்டிய துணி மூட்டையோடு வரும்போது இப்போதும் விசில் அடிக்கிறார்கள். நம் வாசல் கதவில் அவர்கள் கரியால் எழுதினதை நானும் சைனபும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டோம். போன வாரம் மறுபடியும் எழுதியிருந்தார்கள். மறுபடியும் தேய்த்தோம்.

ஆனால் எப்சி, அவர்கள்மேல் எனக்கு வருகிறது வெறும் கோபம். சபையின்மேல் வருகிறதற்குப் பெயர் தெரியவில்லை.

ஜூன் மாசம் அந்தத் தடியன்கள் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்த மறுநாள், பாஸ்டர் ஐயாவும் கமிட்டிக்காரர்களும் நம் வீட்டுக்கு வந்தார்களே, அன்றைக்கு நீ உள்ளே தலைவலி என்று படுத்திருந்தாய். அவர்களிடம் நான் கேட்டதைக் கேட்டிருப்பாயோ என்னவோ. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் என் பிள்ளை ஆபீசிலிருந்து வரும்போது சபை ஆம்பிளைகள் இரண்டு பேர் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து வீடுவரைக்கும் அவளோடு நடந்து வந்தால் போதும் என்றேன். பாஸ்டர் ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் உனக்காகப் பாரத்தோடு ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஜெபித்தார்கள். தெருவைப் பார்த்துக் கட்டின ஹாரன் ஒலிபெருக்கியில் ஜெபித்தார்கள். கிருபாவதி மைக்கைப் பிடித்துக்கொண்டு, ‘ஆண்டவரே, தங்கபுஷ்பம் அக்கா மக எப்சிபாவ அந்தப் பொல்லாத கட்டுலயிருந்து விடுதலையாக்கும்’ என்று உன் பெயர், என் பெயர், ஏன் மாரிசெல்வி பெயர்வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதாள். வீடியோவைப் பார்க்காத பால்காரனுக்கும் அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. அழுதது நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும். நமக்கு நோவு என்றாலும், பிள்ளைக்கு வேலை என்றாலும் பெயர் சொல்லி ஜெபித்தால்தான் நம் ஆட்களுக்கு ஜெபித்தமாதிரி இருக்கும். அன்பு மிகுந்துபோய்த்தான் உன்னைத் தெருவில் இழுத்துப் போட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை நீ பெட்டியைக் கட்டினாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும்போது, மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு கூட்டம் வந்து கேட்டை உலுக்கினதே, அதை நான் மறக்கவில்லை. உள்ளே எல்லாம் சின்னஞ்சிறு பிள்ளைகள். கேட்டுக்கு முன்னால் நின்று போலீஸ்காரரிடம் மராத்தியில் பேசி அவர்களைத் திருப்பி அனுப்பினது யார்? நீதானே! பாஸ்டர் ஐயா உன் முதுகுக்குப் பின்னால் நின்றார். அப்போது, வேதத்தில் படைக்கு முன்னால் நின்றவள் பெயரைச் சொல்லி, ‘நம்ம சபையின் தெபோராள்’ என்றார்கள். இப்போது அதே ஆட்கள் என்னிடம், ‘ஏற்கெனவே நம்ம மேல கண்ணு வச்சிருக்கானுவ, இதயும் சேத்தா சபையே இருக்காதும்மா’ என்கிறார்கள். பயம் எனக்குப் புரிகிறது. பயந்தவர்களுக்காக நீ நின்றாய் என்பதுதான் அவர்களுக்கு மறந்துபோயிற்று.

சரி, கேரல் கதையைச் சொல்லவேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதமே.

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் போன சனிக்கிழமை சாயங்காலம். வழக்கம்போல நான் வாசலில் ஸ்டார் கட்டினேன். பெரிய குண்டான் நிறைய டீ போட்டேன். தட்டில் கேக்கும் அச்சுமுறுக்கும் அடுக்கினேன். உனக்குத்தான் தெரியுமே, நம் சபையில் ஒரு வீட்டையும் விடமாட்டார்கள். குடிகாரன் வீடோ, வட்டிக்கு விடுகிறவன் வீடோ, வருஷத்துக்கு ஒருதரம்கூடக் கோயில் வாசலை மிதிக்காதவன் வீடோ, எல்லார் வாசலிலும் நின்று பாடிவிட்டுத்தான் போவார்கள். உன் அப்பா செத்த வருஷம், துக்க வீடு என்று நான் விளக்குக்கூடப் போடவில்லை. அப்போதும் வந்து இருட்டில் நின்று பாடினார்கள்.

டிரம் சத்தம் ரோட்டில் கேட்டது. கிட்டே வந்தது. சந்து முனைக்கு வந்தது. நான் அடுப்பை ஏற்றினேன். சத்தம் அப்படியே தாண்டி அடுத்த சந்துக்குப் போய்விட்டது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி வருவார்களாக்கும் என்று குண்டானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பைத்தியக்காரி. சைனப் தன் வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, ‘ஏன்க்கா, பாட்டுக்காரவுகள இன்னும் காணல?’ என்று கேட்டாள். எனக்கு மானம் போனமாதிரி இருந்தது. அந்த டீயை அவள் வீட்டுப் பட்டறையில் வேலை செய்கிற ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேன். சபைப் பெண்கள் இரண்டு பேர் பின்னால் சாக்கடைக் கட்டர் வழியாக வந்து, குண்டானில் மிச்சமிருந்ததில் அவசர அவசரமாக ஒரு வாய் குடித்துவிட்டு, வந்ததை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பேரைச் சொல்ல மாட்டேன். வந்து குடித்தார்களே, அந்த மட்டுக்கும் நன்றி.

பாதுகாப்புக்காக நம் சந்துக்குள் வராமல் விட்டுவிடக் கமிட்டி முடிவு செய்ததாம். யாருடைய பாதுகாப்புக்காக என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சொல்கிற சாட்சி நேரம் வந்தது. சாட்சி சொல்ல வருகிறவர்களை யாரும் தடுக்க முடியாதே. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்தவன் சொன்னான், துபாய் விசா கிடைத்தவள் சொன்னாள். நான் எழுந்து போனேன். நான் மைக்கிட்டே போய்ச் சேருமுன்னே கிருபாவதி சத்தமாக ‘அல்லேலூயா’ என்றாள். நீ அந்தப் பொல்லாத கட்டிலிருந்து விடுதலையாகிவிட்டாய், அதைத்தான் சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவி! கோயில் முழுக்க ஆளாளுக்குக் கண்ணைத் துடைக்கிறார்கள்.

நான் சொன்னேன்: ‘எம்மகளுக்கு நீங்க மைக்கு போட்டு ஜெபிச்சீங்க. அதே மைக்குலயே நானும் பேசுதேன். அவ நல்லா இருக்கா, சந்தோசமா இருக்கா. ஆனா அவ வீட்டுக்கு அவளால வரமுடியல. கிறிஸ்மஸ் அன்னைக்கு அவளயும் மாரிசெல்வியயும் கூப்பிடப் போறேன். சயான் ஸ்டேஷன்லருந்து எங்க வீடு வரைக்கும் என்கூட நடந்து வர யாருக்கு மனசு இருக்கு? இருக்கவங்க எந்திரிச்சு நில்லுங்க.’

உடனே பாஸ்டர் ஐயா என்ன செய்தார் தெரியுமா? இன்னொரு மைக்கை எடுத்து, ‘நாம எல்லாரும் எழுந்து நின்னு அந்தக் குடும்பத்துக்காக ஜெபிப்போம்’ என்றார். அவ்வளவுதான். ஒட்டுமொத்தச் சபையும் எழுந்து நின்றது! எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எழுந்து நில் என்றால் நம் ஆட்களுக்கு ஜெபம்தான். வேறு எதற்காவது நிற்கச் சொல்வார்கள் என்று நினைக்கவே தெரியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜனமெல்லாம் எனக்கு முன்னால் நிற்கிறது, அதில் எனக்காக நிற்கிறவன் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கண்ணை மூடவில்லை. ஆமென் சொன்னார்கள், பெஞ்சுகள் கிரீச்சிட எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் அங்கேயே நின்றேன். டிரம் வாசிக்கிற யோபு அண்ணன் உட்காரவில்லை. கழுத்தில் கிடந்த டிரம்மோடு அப்படியே நின்றார். பெண்கள் பக்கம் திரும்பினேன். ஒருத்தி நிற்கிறாள். யார் என்று நினைக்கிறாய்? கிருபாவதி.

அவள் முகத்தைப் பார்த்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆராதனை முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘நல்லதுன்னு நெனச்சுத்தாங்க்கா ஜெபிச்சேன், பிள்ள வீட்ட விட்டே போவான்னு நெனைக்கல’ என்று தேம்பினாள். ஜெபித்தது போதும், கிறிஸ்துமஸ் அன்றைக்கு நேரத்துக்கு வந்து சேர் என்று மட்டும் சொன்னேன். மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நீயும் சொல்லவேண்டும் என்று இல்லை.

ஆக, அத்தனை குடும்பத்தில் இரண்டு பேர். சைனபிடம் சொன்னபோது, ‘நானும் வாரேன், எனக்கு என்ன, கோயிலா கமிட்டியா’ என்று சிரித்தாள். என்னோடு நாலு. பெரிய பட்டாளம் ஒன்றும் இல்லை. அந்தக் கேரம் போர்டைத் தாண்டி நடக்கப் போதும் என்று நினைக்கிறேன்.

பண்டிகை அன்றைக்குக் காலை ஆராதனை முடிந்ததும், பட்டப்பகலில் சயானில் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் நிற்போம். தாணேயில் வண்டி மாறும்போது சைனபுக்குப் போன் போட்டுச் சொல்லு. பின்பக்கக் கட்டர் வழியாக ஒருத்தரும் வரமாட்டோம். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் நடந்து, முன்பக்கமாகத்தான் வருவோம். யோபு அண்ணன் டிரம்மைக் கொண்டுவருகிறேன் என்கிறார், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் வாழையிலை வாங்கி வைக்கிறேன். உனக்குப் பிடித்த கறிக்குழம்புதான்.

மாரிசெல்வி, இனி எழுதுவது உனக்கு. எப்சிக்குத் தமிழ் எழுத்துக்கூட்ட வராது. கோயிலில் பாட்டைக்கூட இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவாள். நீ முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை. இதுவரைக்கும் வாசித்துக் காட்டினது நீதான் என்று எனக்குத் தெரியும். இனி வருவதைச் சத்தமாக வாசிக்காதே.

உங்கள் விஷயம் எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் வரமாட்டேன் என்பாள். முரண்டு பிடிப்பாள், நாலு நாள் பேசாமல் இருப்பாள், அப்பன் குணம். நீ விட்டுவிடாதே. நீ சொன்னால் கேட்பாள். அவள் வந்து நம் வாசல்படியை மிதிக்காவிட்டால் அந்த ஸ்டாரை நான் இனிமேல் கட்டப்போவதில்லை.

வருஷா வருஷம் பண்டிகைக்கு அவள் துணியை நான்தான் வெட்டித் தைப்பேன். இந்த வருஷமும் துணி எடுத்துவிட்டேன், ஊதாவில் சின்னப் பூப் போட்டது. ஒரே துணித் தானில் இரண்டு சுடிதாருக்கு எடுத்திருக்கிறேன். அவள் அளவு என் கைக்குத் தெரியும். உன் அளவு தெரியாது. உனக்குச் சரியாக இருக்கிற பழைய சுடிதார் ஒன்றை, அளவுக்கு, சைனப் தம்பி அந்தப் பக்கம் சரக்கு கொண்டுவரும்போது கொடுத்துவிடு, மகளே. சீக்கிரம் கொடு. வெட்டித் தைக்க எனக்கு இரண்டு நாளாவது வேண்டும்.

கர்த்தர் உங்கள் கூடவே நடந்து வரட்டும்.

உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா,
தங்கபுஷ்பம்