போன அளவு, வந்த அளவு

பிப்ரவரி 9

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வாஷர் மாற்றச் சொன்னால் என் வீட்டுக்காரர் "பார்க்கலாம்" என்கிறார். இருபத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் மனிதர்.

நாத்தனார் வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடத்தை விரித்து, பறக்காமல் இருக்க என் டப்பாக்களை நாலு மூலையிலும் வைத்துக்கொண்டாள். கேட்கவெல்லாம் இல்லை. மார்ச் இருபதாம் தேதி எருமை கிளம்புகிறது. எருமை என்றால் படகு. படகுச் சங்கத்தார் வைத்த பெயர் ரொம்ப அழகு, அதை யாரும் சொல்வதில்லை. திருப்புகிற பக்கம் திரும்பாது, அதனால் எருமை. பழங்காலத்துப் படகு மாதிரியே ஒன்பது வருஷம் உட்கார்ந்து கட்டியது. ஒரே பாய்மரம், குறுக்கே ஒரு கழி, அதிலிருந்து தொங்கும் ஒரே சதுரப் பாய். இன்ஜின் கிடையாது. இன்ஜின் வைத்தால் அப்புறம் எதை நிரூபிக்கிறோம் என்பாள். அவள்தான் கேப்டன், கூடப் பதிமூன்று பேர்.

பயணத்தில் மூன்றாவது கட்டம்தான் மோசம். பதினாறு மைல் பாறைக்கரை, ஒதுங்க ஓர் இடம் இல்லை. காவலுக்கு ஒரு இன்ஜின் படகு கூடவே வருவதாக இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"எதுக்கு அண்ணி தண்டமா? காத்து கரைப் பக்கம் திரும்பினாலும் எருமை ஏறி வெளிய வந்துடும். நீங்கதானே அளந்து குடுத்தீங்க!"

காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகப் போவதை இவர்கள் ஏறுவது என்பார்கள். ஆமாம், நான்தான் அளந்து கொடுத்தேன். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 11

சங்கத்துப் புத்தகத்துக்காக அக்டோபர் வெள்ளோட்டத்தின் அறிக்கையைச் சுத்தப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். நில அளவையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் எழுதிய அறிக்கை, அசிங்கமாக அச்சாகக் கூடாது.

அன்றைக்கு மேற்குக் காற்று. ஆரஞ்சு மிதவையில் தொடங்கி ஆறு மணி நேரம், இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் என்று வளைந்து வளைந்து மேற்கே ஏறினோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நான் இடத்தைக் குறித்தேன். நடுவில் ஏழு முறை வாந்தி. கடைசியில் கணக்குப் போட்டால் காற்றுக்கு எதிரே நாலே கால் மைல்! சதுரப் பாய் படகு காற்றோடு ஓடத்தான் லாயக்கு, எதிரே போகாது என்று சொன்னவர்கள் வாயெல்லாம் அடைத்துப்போயிற்று.

நாத்தனார் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. என் புடவையெல்லாம் வாந்தி, அவள் அதைப் பார்க்கவேயில்லை. "அண்ணி, உங்க கணக்குன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க" என்றாள்.

பிப்ரவரி 13

ஊசி வந்தார். எருமைக்குப் பாய் தைத்தவர், ஒல்லி, வாயும் கூர்மை. டீயைக் குடித்துக்கொண்டே, அடுத்த தடவை வாந்தி மாத்திரை மூட்டையாகக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கிண்டல் செய்தார்.

"ஆனா உங்களைச் சொல்லியும் குத்தமில்லம்மா. அன்னைக்கு அலை குட்டை குட்டையா நின்னு குத்துச்சே. நீரோட்டம் காத்துக்கு எதிரே ஓடினாத்தான் அப்படிக் குத்தும்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். பாத்திரம் தேய்க்கும்போதுதான் அது என் தலையில் ஏறியது. நீரோட்டம் காற்றுக்கு எதிரே என்றால், மேற்கு நோக்கி. நாங்கள் போன பக்கம்.

பிப்ரவரி 14

நீரோட்ட அட்டவணை பார்த்தேன். நாலு தடவை பார்த்தேன்.

அன்றைக்கு நாங்கள் கடலில் இருந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் மேற்கே ஓடியிருக்கிறது. மணிக்கு முக்கால் மைல். ஆறு மணி நேரத்துக்கு நாலரை மைல். நாங்கள் ஏறியது நாலே கால். அதாவது எருமை ஏறவே இல்லை. கால் மைல் சறுக்கியிருக்கிறது. தண்ணீர்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு போய் விட்டிருக்கிறது.

படகின் மூக்கு காற்றிலிருந்து அறுபது டிகிரியில் ஒழுங்காகத்தான் நின்றது. உடம்பு பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு தடவை மறுபக்கம் திருப்பும்போதும் ஒரு பெரிய வட்டம் அடித்துத்தான் திரும்பும், அதில் சம்பாதித்ததெல்லாம் போய்விடும்.

எந்தக் கோட்டையும் போய் அளந்தால் திரும்பி வந்தும் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்தால்தான் பதிவேட்டில் ஏறும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரையும் இதற்காக நான் வறுத்தெடுத்திருக்கிறேன். வரப்பில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். அந்த நான், நீரோட்டம் திரும்பியதும் இன்னொரு தரம் அளக்காமல் ஏன் விட்டேன்?

கட்டிக்கொண்டாளே. அதனால்தான். அந்தச் சந்தோஷத்தில் இடம் குறிக்கும் கருவியைப் பையில் போட்டு மூடிவிட்டேன்.

பிப்ரவரி 15

ஒன்றும் எழுத ஓடவில்லை.

பிப்ரவரி 16

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"நீ சொன்னா அவ நம்ப மாட்டா. பொறாமைன்னுதான் நினைப்பா."

அவள் நினைப்பதிலும் தப்பில்லையே. பேங்க் வேலையை விட்டுவிட்டுப் படகு கட்டப் போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது, எல்லார் முன்னாலும் பைத்தியம் என்று சொன்னவள் நான்தான். என் பெண் கல்யாணத்துக்கு அவள் கையெல்லாம் படகுத் தாரோடு வந்தாள் என்று ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்களுக்குள் நன்றாக இருந்ததே இந்த நாலு மாசம்தான்.

சொல்லாவிட்டால்? அந்தப் பதினாறு மைலில் காற்று திரும்பினால்? பதினாலு பேர். ஏறிவிடலாம் என்று என் கணக்கை நம்பிப் பாயைத் திருப்புவாள். பாறை கிட்டத்தில் வந்துகொண்டே இருக்கும்.

என்ன யோசனை இதில்? வெட்கமாக இல்லையா எனக்கு?

பிப்ரவரி 18

சொல்லிவிட்டேன்.

படகுக் கொட்டகையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் கொடுத்தேன். படித்தாள், மடித்தாள், திரும்பவும் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"இதுக்குத்தான் காத்திருந்தீங்களா அண்ணி?"

"எதுக்கு?"

"நான் ஜெயிச்சு நிக்கறப்ப வந்து தட்டி விடறதுக்கு."

"அடியேய், தப்பு என்னோடது. உன்னை யார் என்ன சொன்னா?"

"உங்க தப்பு உங்க காகிதத்துல இருக்கும். என் ஒன்பது வருஷமில்ல போகுது!"

கயிற்றைத் தரையில் வீசிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கயிற்றை நான் எடுத்துச் சுற்றி ஆணியில் மாட்டினேன். தப்பாகச் சுற்றியிருப்பேன், பிரித்து மறுபடி சுற்றுவார்கள்.

பிப்ரவரி 19

போன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 23

சங்கத் தலைவருக்கு எழுத்தில் கொடுத்தேன். அக்டோபர் அளவு செல்லாது, அளந்தவள் நான், தவறும் என்னுடையது, கையெழுத்து. மனிதர் படித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நாத்தனார் சண்டையை வீட்டோட வெச்சுக்கோங்களேன்மா." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் பேப்பர்வெயிட் என் கைக்கு எட்டாமல் இருந்ததே நல்லது. கடிதத்துக்குச் சீல் போட்டு நகல் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பிப்ரவரி 27

காலையில் வாசலில் நாத்தனார். உள்ளே வா என்றேன், வரவில்லை. தூங்கவில்லை போலிருக்கிறது, கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது.

"நாளைக்கு மேற்குக் காத்து. அதே மிதவை. மூணு மணி நேரம் நீரோட்டத்தோட, மூணு மணி நேரம் எதிரே. சமமா. வருவீங்களா?"

"வர்றேன்."

"வாந்தி எடுத்தாலும் அளவை விடக் கூடாது."

"போன தடவை விட்டேனா?" என்றேன். விட்டேன்தான். அவளுக்கும் தெரியும். படியிறங்கிப் போனாள்.

பிப்ரவரி 28

மணிக்கட்டு வலிக்கிறது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

முதல் மூன்று மணி நேரம் அக்டோபர் மாதிரியேதான். அலை குத்தியது, நான் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாய் காற்றில் விறைத்து நின்றது. பார்க்க என்ன அழகு! மூன்றாவது மணியில் மிதவைக்கு மேற்கே இரண்டு மைல். பையன்களெல்லாம் விசில். "அம்மா, உங்க காகிதம் என்னாச்சு?" என்று ஒருத்தன் கத்தினான். நாத்தனார் விசில் அடிக்கவில்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள்.

பிறகு நீரோட்டம் திரும்பியது. அலை அடங்கிவிட்டது, வெட்கக்கேடு, என் வயிறும் அடங்கிவிட்டது. மூக்கு அதே அறுபது டிகிரி. அதே காற்று, அதே பாய். கரையில் ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. தெற்கே ஒரு ஓட்டம் ஓடி, வட்டமடித்து வடக்கே வந்தால் அந்தக் கட்டடம் முன்னைவிட மேற்கே நிற்கிறது. இன்னொரு ஓட்டம். இன்னும் மேற்கே. ஊசி பாயின் ஓரத்தை இழுத்துக் கட்டிப் பார்த்தார், கழியை இன்னும் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார், பாவம்.

ஆறாவது மணி முடியும்போது ஆரஞ்சு மிதவை எங்களுக்குப் பக்கத்தில். இல்லை, சரியாக எழுத வேண்டும். மிதவை எங்களுக்கு மேற்கே. தொடங்கிய இடத்துக்குக் கால் மைல் பின்னால் நின்றோம்.

"படிங்க அண்ணி" என்றாள்.

"எதுக்கு, கண்ணால பார்க்கறியே."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க."

படித்தேன். போன அளவு, வந்த அளவு, வித்தியாசம். அவள் சுக்கானை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகப் போய் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொடவில்லை. தொட்டிருக்கலாம்.

மார்ச் 2

இன்றைக்கு வீட்டுக்குள் வந்தாள். மேஜையில் டப்பாக்களை வைத்து ஒரு பழைய துறைமுகப் பதிவேட்டின் நகலை விரித்தாள். அந்தக் காலத்துச் சதுரப் பாய் படகுகள் வந்த நாள், போன நாள்.

"இதை நூறு தடவை படிச்சிருக்கேன். பாருங்க, இது நாப்பத்திரண்டு நாள் துறையிலயே கிடந்திருக்கு. இது முப்பது. சோம்பேறிங்க, குடிச்சுட்டுக் கிடந்திருப்பாங்கன்னு நினைச்சேன்." விரலை ஒரு வரிமேல் வைத்துக்கொண்டே இருந்தாள். "காத்துக்காக உட்கார்ந்திருக்காங்க அண்ணி. ஏறவே முயற்சி பண்ணலை. எனக்குத்தான் அது தோணவே இல்லை."

காவல் படகை இதற்குள் வேறு யாரோ வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். ஆகவே புதுத் திட்டம். மூன்றாவது கட்டத்துக்கு முன்னால் ஒரு விரிகுடா இருக்கிறது. காற்று பின்னால் இருந்து உறுதியாக வீசும்வரை அங்கேயே நங்கூரம். எத்தனை நாளானாலும் சரி.

"எத்தனை நாளானாலும்னா பையனுங்க சும்மா இருப்பானுங்களா?"

"நீங்க இருபத்தொன்பது வருஷம் எங்க அண்ணனோட இல்லையா?" என்றாள்.

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து "கேக்குது" என்றார்.

மார்ச் 20

எருமை கிளம்பியது. கையசைத்தாள், எனக்கா கூட்டத்துக்கா தெரியவில்லை. பயண அறிக்கையில் மூன்றாம் கட்டத்துக்குப் போன அளவு, வந்த அளவு என்று இரண்டு பெட்டி போட்டு வெறுமையாக விட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 27

விரிகுடா சேர்ந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 1

பழைய திட்டப்படி மூன்றாம் கட்டம் இன்றைக்கு. காலையில் அருமையான காற்று, பின்னாலிருந்து. பையன்கள் கெஞ்சினார்களாம். வானிலைத் தகவலில் சாயங்காலம் சந்தேகம் என்று ஒரு வார்த்தை இருந்ததாம், அந்த ஒரு வார்த்தைக்காக நங்கூரத்தை எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

பதினொன்றரைக்குக் காற்று திரும்பிக் கரைப் பக்கமாக அடிக்க ஆரம்பித்தது. குன்றில் ஏறி நின்று பார்த்தாளாம். பாறைக்கரை முழுக்க வெள்ளை நுரை.

போனில் இதைச் சொன்னாள். பிறகு "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்றாள். நான் இந்த வீட்டில் கால் வைத்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்காத கேள்வி.

போனை வைத்துவிட்டு அழுதேன். பதினாலு பேர். கடவுளே.

ஏப்ரல் 9

பேப்பரில் போட்டுவிட்டான்: "ஓடாத படகு, பதினாலாவது நாள்". தலைவர் போன் செய்து குதித்தார். கடிதத்தின் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றேன். குதிப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரல் 17

போய்விட்டார்கள்! இருபத்திரண்டாம் நாள் காற்று வந்தது. பதினாறு மைல், மூன்றரை மணி நேரம். எருமை குதிரையாகிவிட்டது என்று ஊசி கத்துகிறார், போனைக் காதில் வைக்க முடியவில்லை.

ஏப்ரல் 20

நாத்தனார் அறிக்கைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் கட்டம். போன அளவு என்ற பெட்டியில் மணி, மைல், திசை எல்லாம் அவளுடைய கோழிக்கிறுக்கலில். வந்த அளவு என்ற பெட்டியில் எண் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாள்: அண்ணி.

போன் செய்தேன். எனக்கு வாந்தி வரும் என்று தெரியாதா என்றேன். வாளி எடுத்து வைத்திருக்கிறாளாம். திரும்புகிற காற்று எப்போது வரும் என்றேன். ஒரு மாசமாகலாம், இரண்டும் ஆகலாம், துறைமுகத்தில் ஒரே ஒரு அறைதான் கிடைத்திருக்கிறது, இரண்டு கட்டில் என்றாள்.

"ரெண்டு மாசம் நாம ரெண்டு பேரும் ஒரே அறையிலயா?"

"நீங்கதானே சொன்னீங்க, போன அளவு மட்டும் இருந்தா செல்லாதுன்னு."

ஏப்ரல் 22

விடிகாலை பஸ். மாத்திரை நாலு அட்டை, கருவி, சுக்குப் பொடி, அவளுக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாய். வீட்டுக்காரர் குழாய்க்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்கிறார். எப்போது வருவாய் என்கிறார். எனக்கென்ன தெரியும்?